செவ்வாயில் கோபர் கேஸ்?

மங்கள்யான் என்றதும் 450 கோடி ரூபாயில் முடித்துவிட்டோம் என்கிறோம். அதில் பெரும்பங்கு வகித்த மயில்சாமி அண்ணாதுரை நம்ம பொள்ளாச்சி பக்கம் கோதவாடிக்காரர் என்கிறோம். பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயைச் சுற்றத் தொடங்கிய அந்தக் கலத்தில் மீத்தேன் தேடும் கருவி ஒன்று எதற்கு? எங்கள் வகுப்பில் யாருமே கேட்கவில்லை, நானும்தான்!

மீத்தேன் வேறொன்றுமில்லை. தோட்டத்துக் கோபர் கேஸ் தொட்டியில் நுண்ணுயிர்கள் உண்டாக்குகிறதே, அதேதான். செவ்வாய்க் காற்றில் அது சில நூறு ஆண்டுகளில் சிதைந்துவிடும். இன்றும் இருந்தால் ஏதோ ஒன்று புதிதாக உண்டாக்குகிறது. பாறையும் தண்ணீரும் சேர்ந்தும் உண்டாக்கலாம், உயிராகவும் இருக்கலாம்...

சோமனூர்ப் பிள்ளைகளுக்குச் செவ்வாய்ப் பாடத்தை மாட்டுக்கொட்டகையில்தான் தொடங்க வேண்டும் என்பேன்.