மன்னிப்பு கிடைத்தது சரி, பாக்கி என்ன ஆயிற்று?

போன மாதம் ஒரு ஜெபக்கூட்டத்துக்காக ஏனாத்தூரிலிருந்து காஞ்சிபுரம் போயிருந்தேன். பட்டு வியாபாரம் செய்த ஒருவர் சாட்சி சொன்னார். குடி, சிகரெட், சீட்டாட்டம், சினிமா என்று பழைய பாவங்களை வரிசையாக எண்ணி, அத்தனையையும் ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்றார். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். என் வாயில் வரவில்லை. அவருக்குத் தறி நெய்த எங்கள் தெருக்காரர் ஒருவருக்கு, சேலையில் கறை என்று காரணம் காட்டி மூன்று சேலைக் கூலியை அவர் பிடித்துக்கொண்டது எனக்குத் தெரியும். அந்தக் கூலி அவருடைய பட்டியலில் இல்லை.

நம் ஊர் நெல்லுக்காரத் தெருவில் சித்திரகுப்தனுக்குக் கோயில் இருக்கிறது. சித்ரா பௌர்ணமிக்கு அங்கே கூட்டம் தாங்காது. கையில் ஏடும் எழுத்தாணியுமாக அவர் நம் ஒவ்வொருவர் கணக்கையும் எழுதுகிறார் என்பது நம்பிக்கை. அதை நான் குறை சொல்லவில்லை. என் வருத்தம் எங்கள் ஆட்கள் மேல்தான். நாங்களும் அதே மாதிரி ஒரு பேரேடு வைத்துக்கொண்டோம். அதில் சின்னச் சின்னச் செலவுகளை மட்டும் எழுதி, பெரிய பாக்கியை விட்டுவிட்டோம்.

வேதம் பாவத்தை அப்படிப் பார்க்கவில்லை. எபிரேயத்தில் பாவத்துக்கு உள்ள முக்கியமான சொல்லின் அடிப்படைப் பொருள் குறி தவறுதல். நியாயாதிபதிகள் புத்தகத்தில் கவண்கல் எறியும் இடதுகைக்காரர் 700 பேர் வருகிறார்கள். அவர்கள் குறி தவறமாட்டார்கள் என்று சொல்லும் இடத்தில் இருப்பதும் அதே வினைச்சொல்தான். இயேசு பேசிய அரமேயத்தில் கடனுக்கும் பாவத்துக்கும் ஒரே சொல். அதனால்தான் அவர் கற்றுக்கொடுத்த ஜெபம் மத்தேயுவில் கடன் என்றும், லூக்காவில் பாவம் என்றும் வருகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் மத்தேயுவில் கடன்தான். ஞாயிறுதோறும் அதைச் சொல்கிறோம். கடன் என்றால் கொடுக்க வேண்டியவன் ஒருவன் இருந்தால், வாங்க வேண்டியவனும் ஒருவன் இருப்பானே! அவன் யார் என்று நாம் கேட்பதில்லை.

இதைச் சொன்னால் உடனே 51ஆம் சங்கீதத்தைக் காட்டுவார்கள். தேவனுக்கு விரோதமாக மட்டுமே பாவம் செய்தேன் என்று தாவீதே சொல்லவில்லையா, நடுவில் மனுஷன் எதற்கு என்பார்கள். அதற்கு முன்னால் நடந்ததையும் படிக்க வேண்டும். நாத்தான் வந்து ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியின் கதையைச் சொன்னபோது, நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது அதே தாவீதுதான். சகேயு தானாக முன்வந்து சொன்னதும் அதே நாலு மடங்குதான்.

'அப்படியானால் மன்னிப்பை விலை கொடுத்து வாங்குவதா? கிருபை இலவசம் அல்லவா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கிருபை இலவசம்தான், சந்தேகமில்லை. சகேயு திருப்பிக் கொடுத்த பிறகு இயேசு அவன் வீட்டுக்குப் போகவில்லை. முதலில் உன் வீட்டில் தங்க வேண்டும் என்றார், அதன் பிறகு அவன் கை தானாகத் திறந்தது. அது மன்னிப்புக்குக் கொடுத்த விலை இல்லை, மன்னிப்பு கிடைத்ததற்கு அடையாளம். கை திறக்கவே இல்லை என்றால், உள்ளே என்ன நடந்தது என்று கேட்க எனக்கு உரிமை உண்டு.

ஊரைச் சொன்னது போதும். என் கணக்கையும் சொல்கிறேன். நான் ஒரு பட்டுக் கடையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவன். கோர்வைச் சேலைக்குக் கரைப் பக்க நாடாவைத் தள்ள ஒரு சின்னப் பையன் வேண்டும். அப்பன் வாங்கிய முன்பணத்துக்காகப் பையன் தறியில் உட்காருவான். அந்த முன்பணத்தை நோட்டில் எழுதியது இந்தக் கைதான். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்துவிட்டது, எனக்கும் தெரியும். 2003இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப் பிள்ளைகளைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது, அதில் காஞ்சிபுரமும் இருந்தது. அந்த முப்பது வருஷமும் நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நற்கருணை எடுத்தேன். குடித்ததில்லை, புகைத்ததில்லை. நல்ல கிறிஸ்தவன் என்று பெயர்.

அந்தப் பையன்களில் ஒருவனுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. முதுகு வளைந்து, பார்வையும் மங்கிவிட்டது. போன வருஷம் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். 'விடுங்க சார். பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க' என்றான். அவன் விட்டுவிட்டான். ஆனால் அவன் படிக்காமல் போன படிப்பு திரும்பி வரவில்லை. அவன் பேத்தியின் பள்ளிச் செலவை இப்போது என் பென்ஷனிலிருந்து கட்டுகிறேன். அதனால் கடன் தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சினிமாவையும் பொட்டையும் பற்றிப் பேசியது போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது கூலியைப் பற்றிப் பிரசங்கியுங்கள். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்திலேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று இயேசு சொன்னாரே, அதை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள். சாட்சி சொன்ன அந்தப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. எங்கள் தெருக்காரர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். ஆட்டோவில் வந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது.