லாயத்துக்கு யாரிடமிருந்து பூட்டு?

குதிரைப் பந்தயம் என்றதும் நம்ம ஆட்களுக்கு ஞாபகம் வருவது ரெண்டு நிமிட ஓட்டமும் கிழித்துப் போட்ட சீட்டும்தான். அந்த ரெண்டு நிமிடம் போக மீதி நேரமெல்லாம் குதிரை எங்கே இருக்கிறது? மைதானத்துக்குப் பின்னால், லாயத்தில். அமெரிக்காவில் இதற்கு 'பேக்ஸ்ட்ரெச்' என்று பெயர். பந்தயம் பார்க்க டிக்கெட் வாங்கியவர் அங்கே போய்விட முடியாது. குதிரையைக் குளிப்பாட்டுகிறவர், ஓடி வந்த குதிரையைச் சூடு தணிய நடத்திக் கூட்டிப்போகிறவர் என்று அங்கே வேலை பார்க்கிற எல்லோருக்குமே உரிமம் வேண்டும்.

இப்படிப் பூட்டுவதற்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990 செப்டம்பரில் இங்கிலாந்தின் டான்காஸ்டர் மைதானத்தில் நார்விச், பிரேவ்ஃபுட் என்ற இரண்டு குதிரைகளுக்கு யாரோ மயக்க மருந்து கொடுத்து ஓட்டத்தைக் கெடுத்தார்கள். நோய் இன்னொரு பயம். 2019 பிப்ரவரியில் குதிரைகளுக்கு ஃப்ளூ வந்து பிரிட்டனில் ஆறு நாள் பந்தயமே நடக்கவில்லை. அந்தக் கிருமி மனிதர்களின் கையிலும் உடுப்பிலும் ஒட்டிக்கொண்டே அடுத்த லாயத்துக்குப் போய்விடும். போதாததற்கு இந்த ஜாதிக் குதிரைகள் குடையை விரித்தாலே மிரளும். பின்னங்காலால் ஒன்று விட்டால் அப்புறம் வக்கீல் நோட்டீஸ்தான் :)

எல்லாம் சரி. ஆனால் பெரிய தப்பைச் செய்தவர்கள் யார்?

2020 மார்ச்சில் நியூயார்க்கில் இருபதுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்கள், கால்நடை மருத்துவர்கள் முதலானோர் மேல் ஊக்கமருந்து வழக்கு போட்டார்கள். அதில் ஜேசன் சர்விஸ் என்பவர், 2019 கென்டக்கி டெர்பியில் முதலாவதாக வந்து பிறகு தகுதி இழந்த 'மேக்ஸிமம் செக்யூரிட்டி'யின் பயிற்சியாளர். (பெயரைப் பாருங்கள்!) அவருக்கு 4 வருடம், ஜார்ஜ் நவாரோ என்ற இன்னொருவருக்கு 5 வருடம் சிறை. இவர்கள் யாரும் வேலி ஏறிக் குதித்தவர்கள் இல்லை. உரிமம் வாங்கிக்கொண்டு நேர் வாசலில் போய் வந்தவர்கள். பூட்டு தடுத்தது நம்மை மட்டும்தான்.

"நீ போய் எட்டிப் பார்த்திருந்தால் மட்டும் ஊசியைக் கண்டுபிடித்திருப்பாயா?" என்று கேட்கலாம். மாட்டேன்தான். அவர்களைப் பிடித்ததே போனை ஒட்டுக் கேட்டு. நான் சொல்வது வேறு. கலிபோர்னியாவின் சாண்டா அனிடாவில் 2018 டிசம்பர் கடைசியிலிருந்து 2019 ஜூனுக்குள் 30 குதிரைகள் செத்த பிறகுதான் ஊர் உலகமே திரும்பிப் பார்த்தது. குதிரை சாவது ஒன்றும் அந்த வருடம் புதிதாக ஆரம்பித்த சமாச்சாரம் இல்லை. தினமும் காலையில் ஒரு குதிரையைப் பார்த்துப் பழகியவன், ஒரு நாள் அந்தக் கொட்டடி காலியாக இருந்தால் "எங்கே அது?" என்று கேட்பான். திரையில் வெறும் நம்பராகப் பார்க்கிறவன் கேட்க மாட்டான்.

முடியாத காரியமும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் சரடோகாவில் காலைப் பயிற்சி நேரத்தில் ஜனங்களை வண்டியில் ஏற்றி லாயப் பகுதியைச் சுற்றிக் காட்டியிருக்கிறார்கள். வழிகாட்டி உண்டு, குதிரையைத் தொட முடியாது. அந்த நிலமே மாநில அரசுக்குச் சொந்தம். பந்தயம் நடத்துகிறவர்களுக்கு 2033 வரை உரிமை, அவ்வளவுதான். பொதுச் சொத்தில், பொதுமக்கள் கட்டும் பணத்தில் நடக்கிற தொழிலின் பின்கட்டைப் பார்க்கக் கேட்பது பேராசையா என்ன?

பிரிட்டனில் 2021 முதல் 'தேசியப் பந்தயக் குதிரை வாரம்' என்று வைத்து பயிற்சியாளர்கள் தங்கள் லாயங்களைத் திறந்து விடுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் விருந்தாளி வருகிற நாளில் எந்த வீடுதான் சுத்தமாக இருக்காது? எனக்கு வேண்டியது திருவிழா இல்லை. பந்தயம் இல்லாத சாதாரண செவ்வாய்க்கிழமை காலை, பத்தடி தள்ளி ஒரு கயிறு, அந்தப் பக்கம் குதிரை. நோய் பரவும் சமயத்தில் மூடிக்கொள்ளட்டும், தேதி போட்டு அறிவித்துவிட்டு.

ஒரே ஒரு இடத்தை மட்டும் காட்ட வேண்டாம். அமெரிக்க லாயங்களில் வேலை செய்கிறவர்களில் நிறைய பேர் மெக்சிகோ, குவாத்தமாலா மாதிரி நாடுகளிலிருந்து வந்தவர்கள். பலர் மைதானத்துக்குள்ளேயே சின்ன அறைகளில் குடியிருக்கிறார்கள். விடியுமுன் எழுந்து வேலை பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்து சாப்பிடுகிறவரை நாம் வண்டியில் போய் போட்டோ எடுக்க வேண்டியதில்லை. அந்த அறைகளைப் போய்ப் பார்க்க வேண்டியவர் தொழிலாளர் துறை அதிகாரி. அதுவும் சொல்லாமல் கொள்ளாமல்.