முதல் வரியை வாசியுங்கள்



தென்பெண்ணைக் கரையில் வாழும் திருக்கோவிலூர் மக்களாகிய நமக்குக் கிணற்று மோட்டார் அன்றாடக் கவலை. நம் சபையின் வாலிபன் ஒருவன், நிலம் போதுமான அளவு நனைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவியொன்றைச் செய்ய முனைந்தான். மண்ணின் ஈரத்தை அறியும் சென்சார், ஆர்டுயினோ நானோ பலகை, வீட்டிலிருந்த பழைய கணினி ஆகியவையே அவனுடைய முதலீடு. பத்து நாட்களுக்குப் பின் என்னிடம் வந்து, "ஐயா, இது எனக்கு வராது, விற்றுவிடப் போகிறேன்" என்றான். கணினித் திரை முழுவதும் சிவப்பு எழுத்துகள்.

அவனுக்குத் திறமை இல்லையென்று நான் நினைக்கவில்லை. பிழைச்செய்தியை வாசிக்க அவனுக்கு ஒருவரும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதே என் எண்ணம். ஆங்கிலத்தில் வந்த சிவப்பு வரிகளை, தமிழ் வழியில் படித்த அவன் தன்மேல் விழுந்த கண்டனமாக எடுத்துக்கொண்டான். அவை கண்டனமல்ல, தகவல்.

ஆர்டுயினோ 2005-ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவர்களுக்காகவே உருவானது. நானோவில் உள்ள சில்லுக்கு நிரலை வைத்துக்கொள்ள 32 கிலோபைட் இடமே உண்டு. ஆகவே வேலை கணினியில்தான் நடக்கிறது. கம்பைலர் நாம் எழுதியதைச் சில்லின் மொழிக்கு மாற்றுகிறது. ஏவிஆர்டியூட் என்னும் மற்றொரு மென்பொருள் அதைப் பலகையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இவ்விருவரில் முறையிடுவது யார் என்பதே நாம் கேட்கவேண்டிய முதற்கேள்வி.

நானும் தவறினேன். எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவும்படி சொன்னேன், ஒன்றும் மாறவில்லை. பின்பு இருவருமாய் அமர்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தோம்.

கம்பைலர் காட்டிய நீண்ட பட்டியலின் முதல் வரி, ஒரு கோப்பு கிடைக்கவில்லை என்றது. விடுபட்ட நூலகத்தை நிறுவியதும் மற்ற வரிகளும் மறைந்தன. அடுத்து, பலகையைச் செருகியும் போர்ட் தென்படவில்லை. அவனுடைய உபுண்டு 22.04-இல், பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிக்கான மென்பொருள், பலகையின் சிஎச்340 யுஎஸ்பி சில்லைத் தன் கருவியென்று கருதிப் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றே. அவ்வீட்டில் அம்மென்பொருளுக்குத் தேவை இல்லாததால் அதை நீக்கினோம். பின்பு அனுமதி மறுக்கப்பட்டது. அவனுடைய பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைந்தோம். கடைசியாக, பலகை பதில் தரவில்லையென்று பத்து முறை வந்தது. அது பழைய பூட்லோடர் கொண்ட பலகை. 115200 வேகத்தில் அழைத்தால் அதற்குக் கேளாது, 57600-இல் கேட்கும். மெனுவில் பழைய பூட்லோடரைத் தேர்ந்தவுடன் நிரல் ஏறியது.

கவனியுங்கள், தடைகள் நான்கு. அவற்றில் ஒன்றேனும் அவன் எழுதிய நிரலில் இல்லை. ஆயினும் பத்து நாட்களாக அவன் திருத்திக்கொண்டிருந்தது நிரலையே. ஒரே வேளையில் பலவற்றை மாற்றியதால் எது பயன் தந்தது, எது கெடுத்தது என்பதும் அவனுக்கு விளங்கவில்லை. ஒரு மாற்றம், ஒரு சோதனை, நோட்டில் ஒரு குறிப்பு என்பதே சரியான ஒழுங்கு.

"கடையில் ஆயத்தமாகக் கிடைப்பதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று சிலர் கேட்கலாம். வாங்கிய கருவி பழுதானால் கடைக்காரரைத் தேடவேண்டும். செய்தவனுக்கோ எங்கே பார்க்கவேண்டுமென்று தெரியும். நம் வயல்களுக்கு அந்த அறிவு வேண்டும்.

ஆகையால் பெற்றோரே, பிள்ளை திரைமுன் சோர்ந்திருக்கும்போது "உனக்கு ஏன் இந்த வேலை?" என்று கேளாதிருங்கள். "முதல் வரி என்ன சொல்லுகிறது?" என்று கேளுங்கள். ஆங்கிலம் அறிந்த மூத்தவர்களே, வாரத்தில் ஒரு மணி நேரம் அருகில் அமர்ந்து அந்த வரியைத் தமிழில் சொல்லிக்கொடுங்கள். விடையை நீங்கள் அறிந்திருக்கவேண்டியதில்லை.

அவன் கருவி இன்னும் வயலுக்குப் போகவில்லை. எந்த ஈரத்தில் மோட்டார் நிற்கவேண்டுமென்று அளந்துகொண்டிருக்கிறான். விற்பதைப் பற்றி இப்போது அவன் பேசுவதில்லை.