பாண்டியில லேப்டாப் சீப்பா? காலேஜுக்கு வாங்கும் முன் ஒரு மாசம் பொறுங்க!

சென்டாக் கலந்தாய்வில் சீட் உறுதியான மறுநாளே பல வீடுகளில் அடுத்த பேச்சு ஆரம்பித்துவிடுகிறது: "லேப்டாப் எப்பப்பா வாங்கறது?" எதிர்வீட்டு அண்ணன் ஒரு மாடலைச் சொல்வார். மாமா இன்னொன்றைச் சொல்வார். யூடியூப் மூன்றாவதாக ஒன்றைக் காட்டும். கடைசியில் நேரு வீதிப் பக்கம் ஏதாவது ஒரு கடையில், விற்பனையாளர் கைகாட்டும் பெட்டியோடு குடும்பம் வீடு திரும்பும். செலவு 50,000, 60,000 ரூபாய். சிலருக்கு அது சீட்டு எடுத்த பணம். சிலருக்கு நகையை அடகு வைத்த பணம்.

அந்தப் பணம் மூன்று, நான்கு வருஷம் உழைக்க வேண்டும். அதற்கு முதலில் செய்ய வேண்டியது, அவசரப்படாமல் இருப்பது. வகுப்பு தொடங்கி, பாடத்துக்கு எந்த சாஃப்ட்வேர் தேவை என்று தெரிந்த பிறகு வாங்குவதுதான் லாபம். முதல் மாசத்தை கல்லூரி லேப், செல்போன், சீனியர்களின் உதவியோடு ஓட்டிவிடலாம்.

'பாண்டி ரேட்' இன்னும் இருக்கா?

கடலூர், விழுப்புரம், திண்டிவனம் பக்கத்தில் இன்றும் ஒரு நம்பிக்கை உண்டு: "பாண்டியில வாங்கினா குறைச்சலா கிடைக்கும்." ஒரு காலத்தில் அது உண்மைதான். பக்கத்துத் தமிழ்நாட்டைவிடப் பல பொருள்களுக்கு இங்கே வரி குறைவு. ஃபிரிட்ஜ், டிவி வாங்க பஸ் ஏறி வந்தவர்கள் ஏராளம்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்த பிறகு அந்தக் கணக்கு மாறிவிட்டது. லேப்டாப்புக்கு நாடு முழுக்க 18% வரிதான். 2025 செப்டம்பரில் பல பொருள்களின் வரியை மாற்றியபோதும் லேப்டாப் அதே 18 சதவீதத்தில்தான் நின்றது. இப்போது விலையில் தெரியும் வித்தியாசம் கடைக்காரரின் லாபம், வங்கி கார்டு சலுகை, பழைய ஸ்டாக் தள்ளுபடி ஆகியவற்றால் வருவது. கடையில் நின்றபடியே மாடல் எண்ணை முழுசாகப் போனில் தட்டிப் பார்த்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். ஊரை மாற்றி மிச்சம் பிடிக்க முடியாது. சரியான மாடலைத் தேர்ந்தெடுத்தால் பிடிக்கலாம்.

எந்தப் படிப்புக்கு எது போதும்?

பி.ஏ., பி.காம்., பி.பி.ஏ. மாணவர்களுக்கு டைப்பிங், எக்செல், டேலி, ஆன்லைன் வகுப்பு இவ்வளவுதான் வேலை. 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, ஐ3 அல்லது ரைசன் 3 போதும். தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்டில் இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட் தருவதாக அறிவித்தது. அந்த லேப்டாப்புகளுக்கு வைத்த அளவும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டிதான். இன்னொரு விஷயம்: டேலி விண்டோஸில்தான் ஓடும். காமர்ஸ் படிக்கும் பிள்ளை ஆசைப்பட்டது என்று மேக்புக் வாங்கிக்கொடுத்தால் பிறகு அவதிதான்.

கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி என்றால் 16 ஜிபி ரேம் நல்லது. ஆண்ட்ராய்டு ஆப் எழுத உதவும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவை 8 ஜிபியில் ஓட்டலாம், ஆனால் திணறும். ஏஐ படிக்கப் போகிறோம், கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் முடியாது என்று பயப்படத் தேவையில்லை. கூகுள் கோலாப் போன்ற சேவைகள் பிரவுசரிலேயே, ஒரு வரம்புக்குள், இலவசமாக ஜிபியு தருகின்றன. முதல் இரண்டு வருஷத்துக்கு அது தாராளம்.

மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர், விஷுவல் கம்யூனிகேஷன் மாணவர்களுக்குத்தான் தனி கிராபிக்ஸ் கார்டு உண்மையிலேயே பயன்படும். அங்கேயும் கனமான மென்பொருள்கள் பெரும்பாலும் முதல் செமஸ்டரில் வருவதில்லை. சாலிட்வொர்க்ஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். ஆட்டோகேட் உள்ளிட்டவற்றை ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறது. கடையில் காசு கொடுத்து 'கிராக்' போட வேண்டியதில்லை.

ஸ்டிக்கரைப் பார்த்து ஏமாறாதீங்க

"ஐ5 இருக்கு சார், சூப்பரா ஓடும்" என்பார்கள். எந்தத் தலைமுறை ஐ5 என்பதுதான் கேள்வி. நாலைந்து வருஷம் பழைய ஐ5-ஐ, புதுசாக வந்த ஐ3 முந்திவிடவும் கூடும். ரைசனிலும் இதே கதை. ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு இரண்டும் பெயரில் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். ஆனால் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்கிறது. 7520-ல் இருப்பது 2019-ல் அறிமுகமான ஜென் 2. 7530-ல் இருப்பது அதற்கு அடுத்த ஜென் 3.

கடையில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "ரேம் ஸ்லாட் காலியா இருக்கா?" சில மெல்லிய லேப்டாப்புகளில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். பிறகு கூட்ட முடியாது. ஸ்லாட் இருந்தால் இன்று 8 ஜிபி வாங்கி, மூன்றாம் வருஷம் 16 ஆக்கலாம். ஆனால் ஏஐ டேட்டா சென்டர்கள் ரேமை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறியிருக்கிறது. 16 ஜிபி கட்டாயம் வேண்டும் என்று தெரிந்தவர்கள் வாங்கும்போதே அதோடு வாங்கிவிடுவது மேல்.

கேமிங் லேப்டாப் கேட்டு அடம்பிடித்தால்?

கேமிங் லேப்டாப்புகள் பெரும்பாலும் இரண்டு கிலோவைத் தாண்டும். சார்ஜர் எடை தனி. லாஸ்பேட்டைக்கோ காலாப்பட்டுக்கோ தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவரின் முதுகு அதைச் சுமக்க வேண்டும். சார்ஜும் சீக்கிரம் இறங்கும். எல்லா வகுப்பறையிலும் எல்லா பெஞ்சுக்கும் பிளக் பாயின்ட் இருக்காது. ஒன்றரைக் கிலோ எடை, ஆறேழு மணி நேரம் நிற்கும் பேட்டரி, இந்த இரண்டும் பெரும்பாலான மாணவர்களுக்கு அதிகம் உதவும்.

பழசு வாங்கலாமா?

தாராளமாக. ஐடி நிறுவனங்கள் கழித்துவிடும் பிசினஸ் லேப்டாப்புகள் உறுதியானவை. ஒரு எச்சரிக்கை மட்டும்: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் என்றால் 8-வது தலைமுறைக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. அதை விலை மலிவு என்று வாங்கினால் தலைவலி. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தால், அதில் ரேம் கூட்ட முடியுமா என்று முதலில் பார்த்துவிடலாம்.

கடல் காற்றும் வாரன்டியும்

புதுச்சேரியில் ஈரக்காற்றும் உப்பும் உலோகத்தை மெல்ல அரிக்கும். கடற்கரைச் சாலையில் திறந்துவைத்து அசைன்மென்ட் எழுதுவது போட்டோவுக்கு அழகு, லேப்டாப்புக்குக் கேடு. டீ கொட்டினாலோ கீழே விழுந்தாலோ சாதாரண வாரன்டி கைகொடுக்காது. அதற்குத் தனிப் பாதுகாப்புத் திட்டம் எடுக்க வேண்டும். சர்வீஸ் ஆள் வீட்டுக்கு வருவாரா, சென்டர் ஊரிலேயே இருக்கிறதா, சென்னைக்கு அனுப்புவார்களா? இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் பில் போடக் கூடாது. செமஸ்டர் நேரத்தில் பத்து நாள் லேப்டாப் இல்லாமல் போனால் அதன் அருமை தெரியும்.

பணத்துக்கு என்ன வழி?

கிரெடிட் கார்டு 'நோ காஸ்ட் இஎம்ஐ'-யில் வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்தாலும், அந்த வட்டி மீதான ஜிஎஸ்டியையும் பிராசஸிங் கட்டணத்தையும் பெரும்பாலும் வாங்குபவர்தான் கட்டுவார். பலருக்குத் தெரியாத வழி ஒன்று உண்டு. வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில், படிப்பை முடிக்கத் தேவை என்றால் நியாயமான விலையில் கம்ப்யூட்டர் வாங்கும் செலவையும் சேர்க்கலாம். கல்விக் கடன் எடுக்கப்போகும் குடும்பம், லேப்டாப்புக்காக நகையை அடகு வைக்கும் முன் வங்கியில் இதைக் கேட்டுவிட வேண்டும்.

கல்லூரிகள் வாய் திறக்கணும்

இங்கேதான் ஒரு நியாயமான கேள்வி வருகிறது. கட்டண விவரம், சீருடை, ஹாஸ்டல் விதி எல்லாவற்றையும் அட்மிஷன் நேரத்திலேயே அச்சடித்துக் கொடுக்கும் கல்லூரிகள், லேப்டாப் பற்றி ஏன் ஒரு தாள் தரக் கூடாது? "இந்தத் துறைக்கு இத்தனை ஜிபி ரேம் போதும், இந்த சாஃப்ட்வேர்கள் வரும், இவை கல்லூரி லேபிலேயே இருக்கின்றன, முதல் வருஷம் வாங்க வேண்டாம்" என்று துறைக்கு நாலு வரி. பிராண்ட் பெயர் எதுவும் தேவையில்லை.

அந்த ஒரு தாள் கையில் இருந்தால் வங்கி மேலாளரிடம் காட்டலாம். கடைக்காரர் 80,000 ரூபாய் மாடலைக் காட்டும்போது எடுத்து நீட்டலாம். கம்ப்யூட்டரே தெரியாத அப்பா, "எங்களுக்கு இது போதும் தம்பி" என்று தைரியமாகச் சொல்லலாம். அது வரும்வரை மாணவர்களே முதல் வாரத்தில் துறைத் தலைவரிடமும் இரண்டு சீனியர்களிடமும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். கடைக்கு அதன் பிறகு போகலாம்.