பீரோவுக்கா புடவை?

தேனாம்பேட்டையிலிருந்து பாண்டி பஜார் வரைக்கும் நடந்தால், ஏதாவது ஒரு சுவரிலோ கடை ஷட்டரிலோ அந்த விளம்பரம் கண்ணில் படாமல் போகாது. பழைய பட்டுப்புடவை நல்ல விலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம், கிழிந்திருந்தாலும் பரவாயில்லையாம். கிழிந்திருந்தால் ஏன் பரவாயில்லை? அவர்களுக்கு வேண்டியது புடவை இல்லை, சரிகை. அசல் காஞ்சிபுரம் சரிகை என்பது பட்டு நூலின் மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. கரையையும் முந்தானையையும் வெட்டியெடுத்துக் கொளுத்தினால் பட்டு சாம்பலாகும், வெள்ளி மிஞ்சும். அவ்வளவுதான் வியாபாரம்.

அந்த வியாபாரி மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவர் பிழைப்பு அது. என் சண்டை நம்மோடுதான். அறுபதைத் தாண்டிய நாம், ஆளுக்கொரு இரும்பு பீரோவும் அதன் சாவியை இடுப்பிலும் வைத்திருக்கும் நாம். முப்பது வருஷம் பூட்டி வைக்கிறோம். மடிப்பு மடிப்பாக இற்றுப்போனதும் எடை போட்டு விற்கிறோம். நடுவில் அதை உடுத்திய நாட்களை எண்ண இரண்டு கை விரல்களே அதிகம்.

கேட்டால், "கைத்தறியை மதிக்கிறோம், அதனால்தான் பத்திரப்படுத்துகிறோம்" என்பார்கள். இது மரியாதையே இல்லை என்பதுதான் என் கட்சி. கையால் நெய்த துணி உடுத்துவதற்கு. சாதாரண நாளில் உடுத்துவதற்கு. உடுத்தி நைந்த பிறகு வேறு உருவத்தில் மறுபடி உடுத்துவதற்கு.

காஞ்சிபுரத்தில் தறி முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோர்வைப் புடவை என்றால் உடல் ஒரு நிறம், இரண்டு கரையும் வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெய்கிறவர் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் கரையின் ஊடை உடலின் ஊடையைக் கோத்துக்கொள்ளும். முந்தானை வேறு நிறம் என்றால் உடலின் பாவு முடிகிற இடத்தில் முந்தானையின் பாவை இழை இழையாகப் பிணைக்கிறார்கள். பேட்னி என்பார்கள். அந்த இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஒரு மேடு தட்டும். உங்கள் கையில் இருப்பது அசலா என்று அறிய அதுவும் ஒரு வழி. ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், இருபது நாளும் ஆகும். இவ்வளவு கெட்டியாக ஒருவர் நெய்தது பாச்சை உருண்டை வாசனை பிடிப்பதற்கா?

வைத்தால் கெடாது என்பதும் பொய். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காக இருந்த பட்டு அந்த மடிப்பிலேயே விரிசல் விடும். சரிகை கறுக்கும். உடுத்தி, காற்றாட உதறி, மடிப்பை மாற்றி வைத்த புடவைதான் நீடிக்கிறது. என் அம்மாவின் அரக்கு நிறப் புடவை ஒன்று வெள்ளிக்கிழமைதோறும் கட்டியது. கல்யாணத்துக்கு மட்டும் எடுத்த மயில்கழுத்து நிறம் ஒன்றும் இருந்தது. எது முதலில் கிழிந்தது என்று உங்களால் ஊகிக்க முடியும்.

அடுத்தது அந்த 'ரிபீட்' பயம். "இதையே சீமந்தத்துக்கும் கட்டியிருந்தீங்களே" என்று யாராவது சொல்லிவிடுவார்களாம். சொல்லட்டுமே! ஆமாம், நல்ல புடவை, அதனால் மறுபடி கட்டினேன் என்று சொன்னால் பேச்சு முடிந்தது. போட்டோவில் ஒரு முறை வந்துவிட்டால் அந்தப் புடவைக்கு ஆயுள் முடிந்தது என்று எந்த சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? இத்தனைக்கும் நம் கோயில்களில் அம்பாளுக்குச் சாத்திய புடவைகளை ஏலம் விடும்போது போட்டி போட்டு எடுக்கிறோம். உடுத்திய புடவைதானே அது? அதைப் பிரசாதம் என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். சொந்த மாமியார் கட்டிய புடவையை மட்டும் 'பழசு' என்று தள்ளுகிறோம். போனவர்கள் துணி ஆகாது என்று நினைக்கிற குடும்பங்கள் உண்டு, அவர்களோடு நான் வாதாடவில்லை. ஆனால் பல வீடுகளில் பெண்களும் மருமகள்களும் ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். எடுத்துக்கொண்டு போய் இன்னொரு பீரோவில் வைத்தால் என்ன லாபம்?

நம் வீடுகளில் துணிக்கு ஒரு ஜாதகமே இருந்தது. சுங்குடியோ, காஞ்சிபுரம் பருத்தியோ, செட்டிநாட்டுக் கண்டாங்கியோ, முதல் வருஷம் கஞ்சி போட்டு விறைப்பாக வெளியே போகும். பிறகு வீட்டுக்குள். நடுவில் கிழிந்தால் குறுக்கே வெட்டி, நைந்த பாகத்தை எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுவார்கள், அந்தத் தையல் கொசுவத்துக்குள் மறைந்துவிடும். அதுவும் போனால் பெண்ணுக்குத் தாவணி. பிறகு குழந்தைக்குத் தூளி, ஏனென்றால் நூறு முறை துவைத்த பருத்தியைவிட மெத்தென்றது எதுவுமில்லை. கடைசியில் அடுப்பங்கரைக் கைப்பிடித் துணி. பழைய வேட்டி மொட்டை மாடியில் வடாம் பிழியப் போகும், கொலுப்படிக்கு விரிப்பாகும், விளக்குக்குத் திரியாகும். பட்டுப் பாவாடையைத் தைக்கும்போதே அடியில் மூன்று டக் பிடித்து வைத்து, பெண் வளர வளர தீபாவளிக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் துணி புது நிறமாகத் தெரியும். யாரும் வெட்கப்படவில்லை.

அதெல்லாம் ஏழ்மையின் கோலம், அதை ஏன் கொண்டாடுகிறாய் என்று என் தங்கை கேட்பாள். பாதி நியாயம். வாங்க முடியாததால் ஒட்டுப் போட்டோம். அந்த ஒட்டு, கஞ்சி, நீலம் எல்லாம் வீட்டுப் பெண்கள் தலையில்தான் விழுந்தது, அதற்கு யாரும் நன்றிகூடச் சொன்னதில்லை. அந்தச் சுமை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வங்காளத்தில் பழைய புடவைகளை அடுக்கி, கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைத்த காந்தாவும் ஏழ்மையில் பிறந்ததுதான். இன்று அதே தையலுக்குக் கடையில் என்ன விலை என்று விசாரித்துப் பாருங்கள். நம் வீட்டு ஒட்டுத் தையலுக்கு மட்டும் ஏன் கூச்சம்?

சாயம் போவது பற்றியும் ஒரு வார்த்தை. 1960களில் அமெரிக்காவில் நம் ஊர்ப் பெயரிலேயே விற்ற 'மெட்ராஸ்' கட்டம் போட்ட கைத்தறிச் சட்டைகள், துவைக்கத் துவைக்கச் சாயம் இறங்கும் என்பதையே பெருமையாகச் சொல்லி விற்கப்பட்டன. வெளுக்க வெளுக்க அழகு என்று அவர்கள் வாங்கினார்கள். நாம் வெளுத்ததும் பாத்திரக்காரரிடம் போட்டு ஒரு எவர்சில்வர் டப்பா வாங்கினோம்.

இப்போது இளையவர்கள் விஷயம். பாட்டி புடவையை எடுத்து, மேலே முழுக்கைச் சட்டை போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி, காலில் ஷூவோடு மெட்ரோவில் ஏறுகிறார்கள். பார்த்துவிட்டு "இது என்ன கோலம்" என்று முகம் சுளிக்கிறவர்கள் நம் வயதுக்காரர்கள்தான். நமக்கு ஞாபக மறதி அதிகமாகிவிட்டது. ஒன்பது கஜத்திலிருந்து ஆறு கஜத்துக்கு இறங்கியபோது நம் பாட்டிகளையும் அம்மாக்களையும் இதே மாதிரிதான் பேசினார்கள். இப்போது நாம் 'பாரம்பரிய' ரவிக்கை என்கிறோமே, அதுவே ஒரு காலத்தில் புது நாகரிகம். 2015ல் பெங்களூரில் இரண்டு பெண்கள், வருஷத்தில் நூறு நாள் புடவை கட்டுவது என்று ஒரு சபதம் ஆரம்பித்தார்கள். பெரிய அளவில் பரவியது. நம் தலைமுறை அறிவுரை சொல்லிச் செய்ய முடியாததை அது செய்தது. சட்டைக்கு மேல் கட்டினால் என்ன, கட்டுகிறாளே!

வெட்டலாமா கூடாதா என்பதில்தான் எனக்கும் சில நண்பர்களுக்கும் உண்மையான சண்டை. கத்தரி வைப்பதே பாவம் என்கிறார்கள். என் கணக்கு வேறு. முழுசாக இருக்கிற பழைய கோர்வைப் புடவையில் கத்தரி வைக்காதீர்கள், அதில் நானும் உறுதி. காரணம் சென்டிமென்ட் இல்லை. ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவில் தறி போட்டு, மறைந்துகொண்டிருந்த பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் திரும்ப நெய்யச் செய்தார். பழைய புடவை ஏதாவது கையில் இருந்தால்தானே அப்படி நெய்ய முடியும்? நெசவாளரின் பாடப்புத்தகம் நம் பீரோவில் இருக்கிறது. அதைக் கொளுத்தி வெள்ளி எடுத்தால் அந்தக் கரை திரும்ப வராது. ஆனால் உடல் பிளந்துபோன புடவையை முழுசாக வைத்திருந்து யாருக்கு என்ன பயன்? அதை வெட்டத்தான் வேண்டும்.

மேலே சொன்ன அந்த அரக்கு நிறப் புடவையும் ஒரு நாள் பிளந்தது. ஒரு கடையில் காட்டினேன். "மேடம், இதெல்லாம் அவுட் ஆஃப் ஃபேஷன், எக்ஸ்சேஞ்சில போட்டுடுங்க" என்று விரலால்கூடத் தொடாமல் சொன்னார் விற்பனைப் பையன். எக்ஸ்சேஞ்ச் என்றால் அதே நெருப்புதான். எடுத்துக்கொண்டு வந்து, நடைபாதையில் மெஷின் போட்டு ஆல்டரேஷன் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் முதலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எங்கே நூல் இற்றிருக்கிறது என்று சாக்பீஸால் வட்டம் போட்டார். முந்தானை என் பேத்திக்கு ஓவர்கோட் மாதிரி ஒன்றாயிற்று, ஜீன்ஸ் மேல் போட்டுக்கொண்டு காலேஜ் போகிறாள். கரை இரண்டும் ஒரு சாதாரணப் பருத்திப் புடவைக்கு ஏறி, அதை நான் கட்டுகிறேன். உடலில் நல்ல பாகம் இரண்டு ரவிக்கைகள். உள்ளே மல் துணி லைனிங் கொடுக்கச் சொன்னதும் அவர்தான், பழைய பட்டு தையலின் இழுப்பைத் தனியாகத் தாங்காது. கூலி ஒரு புது ஃபேன்ஸி புடவையின் விலைகூட வரவில்லை.

"எல்லாரும் பழசையே கட்டினால் நெசவாளர் என்ன ஆவார்?" இதுதான் வலுவான கேள்வி. 1995-96 கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கைத்தறியிலும் அதைச் சார்ந்த வேலைகளிலும் இருந்தவர்கள் 65 லட்சத்துக்கு மேல். 2009-10ல் 43 லட்சம். 2019-20ல் 35 லட்சம். நாம் பீரோவை நிரப்பிக்கொண்டே இருந்த காலத்தில்தான் இந்தச் சரிவு நடந்தது என்பதைக் கவனியுங்கள். பழசைக் கட்டியவர்களால் வந்ததில்லை இது. சாதாரண நாளுக்குப் பாலியெஸ்டரும், விசைத்தறியில் கோர்வை போல வேஷம் போட்ட நகலும் வாங்கினோம். கைத்தறியை வருஷத்துக்கு ஒரு கல்யாணத்துக்கு ஒதுக்கினோம். அன்றாடப் பருத்தி நெய்தவர்கள் கதி என்ன ஆகும்? கைத்தறியைத் தினமும் உடுத்துகிறவளுக்கு அது தேயும். தேய்ந்தால் வாங்குவாள். விரலுக்கு அசல் பழகியிருப்பதால் நகலில் ஏமாறவும் மாட்டாள்.

வேட்டிக்காரர்களையும் விடுவதாக இல்லை. வெல்க்ரோ ஒட்டிய வேட்டியை ரிசப்ஷனில் இரண்டு மணி நேரம் கட்டிவிட்டுக் கலாசாரம் பேசுகிறீர்கள். வீட்டில் கட்டுவது என்ன? பெர்முடாஸ்.

எடுத்துக் கட்ட ஆரம்பித்தால் அடுத்த கேள்வி துவைப்பது. ஒவ்வொரு தடவையும் டிரை வாஷுக்குப் போட வேண்டியதில்லை. கட்டி அவிழ்த்ததும் மடிக்காமல் ஒரு இரவு கொடியில் காற்றாட விடுங்கள், வியர்வை போய்விடும். துவைத்தே ஆக வேண்டுமென்றால் முதலில் உள்பக்க ஓரத்தை ஈரமான வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தப் புடவையை மட்டும் வெளியே கொடுங்கள். மற்றதற்குப் பூந்திக்கொட்டை ஊறிய குளிர்ந்த தண்ணீர் போதும். பிழியக் கூடாது, அடிக்கக் கூடாது. நிழலில் உலர்த்தி, சரிகை உள்ளே போகும்படி மடித்து, பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். அதற்குள் ஒரு முறையாவது கட்டியிருந்தால் மடிப்பு தானாகவே மாறியிருக்கும்.