வாய் விட்டுப் பேசுங்கள்!

சூலூர், சோமனூர் வட்டாரத்தில் இரவிலும் தறி ஓடும். தறிக்கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. மனதுக்குள் அழுகிறவரின் குரல் யார் காதில் விழும்?

விசைத்தறிக்காரருக்குக் கூலிக் கவலை. கூலி உயர்வு கேட்டு 2022-ம் ஆண்டு தொடக்கத்தில் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் பல வாரம் தறிகள் நின்றன. தறி நின்றாலும் கடனுக்கு வட்டி நிற்பதில்லை. தோட்டக்காரருக்குத் தண்ணீர்க் கவலை. பள்ளிக்கூடப் பிள்ளைக்கு மார்க்குக் கவலை. குடிகாரக் கணவனைக் கட்டிய பெண்ணுக்குத் தினமும் கவலை.

கவலை எல்லா வீட்டிலும் உண்டு. அது குற்றம் அல்ல. ஆனால், "நாலு பேருக்குத் தெரிந்தால் மானம் போய்விடும்" என்று வாயைப் பூட்டிக்கொள்கிறார்களே, அதுதான் ஆபத்து! பேச ஆள் இல்லாதவருக்கு ஒரு நாள் இரவில், "இனி ஏன் இருக்க வேண்டும்?" என்ற எண்ணம் வருகிறது.

அந்த நேரத்தில் பேசுவதற்காகவே டெலிபோன் நிலையங்கள் இருக்கின்றன.

ஒரு சிறுமியின் சாவு

1935-ம் ஆண்டு. இங்கிலாந்தில் 14 வயதுச் சிறுமி ஒருத்தி உயிரை மாய்த்துக்கொண்டாள். காரணம் என்ன? அவள் பூப்பெய்தியிருந்தாள். அது இயற்கை என்று அவளுக்குத் தெரியாது. கெட்ட நோய் வந்துவிட்டது என்று பயந்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒருவரும் இல்லை.

அவளுக்கு இறுதிச் சடங்கு செய்தவர் சாட் வாரா என்ற இளம் பாதிரியார். அந்தச் சாவை அவர் மறக்கவில்லை. 1953-ம் ஆண்டு நவம்பர் 2-ந் தேதி, லண்டனில் தம் மாதா கோவிலில் ஒரு டெலிபோனை வைத்தார். "சாக நினைப்பவர்கள் என்னுடன் பேசலாம்" என்று அறிவித்தார்.

கூட்டம் வந்தது. காத்திருந்தவர்களுக்குத் தொண்டர்கள் தேநீர் கொடுத்தார்கள். அவர்கள் பேசியதைக் காது கொடுத்துக் கேட்டார்கள். அப்போது ஓர் அதிசயம்! தொண்டர்களிடம் பேசிய பலர், பாதிரியாரைப் பார்க்காமலே மன நிம்மதியுடன் திரும்பினார்கள்.

பெரிய படிப்பு வேண்டாம், பொறுமையாகக் கேட்கும் காது போதும் என்று சாட் வாரா அறிந்தார். 1954-ல் அந்த வேலையைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். அதுதான் "சமாரிட்டன்ஸ்" என்ற சங்கம்.

இலங்கையில் 1974-ல் "சுமித்ராயோ" தோன்றியது. சென்னையில் 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் "சினேகா" நிலையத்தைத் தொடங்கினார். 2022-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய அரசு 14416 என்ற எண்ணைக் கொண்டுவந்தது. அதன் பெயர் "டெலிமானஸ்". இதற்குக் கட்டணம் இல்லை. இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். முதல் 2 ஆண்டுகளில் நாடு முழுவதும் 14 லட்சத்துக்கும் அதிகமான அழைப்புகள் வந்தன.

பேசினால் என்ன நடக்கும்?

முதல் தடவை பலர் பேசுவதே இல்லை. குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார்கள். சிலர் அழுவார்கள். சிலர், "எனக்கு இல்லை, என் சிநேகிதருக்கு" என்று தொடங்குவார்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு இது புதிது அல்ல. அவர் அவசரப்படுத்த மாட்டார். "சொல்லுங்கள், கேட்கிறேன்" என்பார்.

அவர் கடனை அடைத்துவிடுவாரா? மாட்டார். மார்க்கைக் கூட்டிக் கொடுப்பாரா? மாட்டார். பிறகு என்ன பயன்?

சாக வேண்டும் என்ற வேகம், வெள்ளம் போல ஏறி, பிறகு வடியும். ஏறும் நேரத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும். அதுதான் அந்தக் குரல். பொழுது விடிந்தால், கடனுக்குத் தவணை கேட்க வழி தோன்றும். தோற்ற பாடத்தை மறுபடியும் எழுத வழி தெரியும். மருந்து தேவை என்றால், எந்த டாக்டரிடம் போவது என்றும் சொல்வார்கள்.

வேண்டாத பயம்

"போலீஸ் வருமே!" என்று சிலர் பயப்படுகிறார்கள். ஒரு காலத்தில் தற்கொலை முயற்சி தண்டனைக்கு உரிய குற்றமாக இருந்தது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டம் அதை மாற்றியது. மனம் நொந்து முயன்றவருக்குச் சிகிச்சை கொடுப்பது அரசின் கடமை என்கிறது அந்தச் சட்டம். நினைப்பதும் பேசுவதும் எந்நாளும் குற்றம் அல்ல.

"ஊருக்குத் தெரிந்துவிடுமே!" என்பது இன்னொரு பயம். ரகசியம் காப்பதுதான் இந்த நிலையங்களின் முதல் விதி. பேசுகிறவர் உறவுக்காரர் அல்ல, பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. நாளை சந்தையில் எதிரே வர மாட்டார்.

"பைத்தியம் என்பார்களே!" என்கிறார்கள். காய்ச்சலுக்கு மருந்து வாங்க வெட்கப்படுவது உண்டா? மன வேதனையும் அப்படித்தான்.

அரசும் குடும்பமும்

டெலிபோன் எண்ணை அறிவித்தால் மட்டும் போதாது. மணி அடித்தால் எடுக்க ஆள் வேண்டும். துணிந்து போன் செய்தவர், "காத்திருங்கள்" என்ற குரலையே கேட்டுக்கொண்டிருந்தால் மனம் உடைந்துபோவார். எடுக்காத டெலிபோன், பூட்டிய ஆஸ்பத்திரிக்குச் சமம்! கேட்பவர்களின் எண்ணிக்கையை அரசு கூட்ட வேண்டும். கொங்குப் பேச்சு தெரிந்தவர்களும் அங்கே இருக்க வேண்டும். தறிக்கூடம், ரேசன் கடை, பள்ளிக்கூடம், பஸ் நிலையம் எங்கும் இந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை உண்டு. கலகலப்பாக இருந்தவர் ஒதுங்கிப் போகிறாரா? தூங்காமல் இருக்கிறாரா? "நான் இருந்து என்ன பயன்?" என்கிறாரா? அதட்டாதீர்கள். புத்தி சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். "சாகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாறாக, மனப் பாரம் குறையும். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சி மருந்தை எடுத்துப் பூட்டி வையுங்கள். உடனே ஆபத்து என்று தோன்றினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மன வேதனையா? 14416-க்குப் பேசலாம். தமிழக அரசின் 104-க்குப் பேசலாம். சினேகாவின் எண் 044-24640050. ஓர் எண் கிடைக்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் பேசுங்கள். இந்த எண்களை இன்றே வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள். யாருக்கு, எந்த இரவில் தேவைப்படும் என்று யாருக்குத் தெரியும்?

மானம் பெரிதுதான். உயிர் அதைவிடப் பெரிது!