மீன் தொட்டியில் பாசியா? மயில்துத்தம் வேண்டாம்!

வீட்டில் மீன் தொட்டி வைத்திருக்கும் சகோதரிகள் அநேகம் பேர் சொல்லும் குறை ஒன்றுதான். "ஆசையா வாங்கி வச்சோம். ரெண்டே மாசத்துல கண்ணாடி பூரா பச்சைப் பாசி. மீனே தெரியலை!"

எங்கள் வீட்டு இரண்டடித் தொட்டியில் டைகர் பார்ப் ஆறு, நீலக் கௌராமி இரண்டு. பார்ப்புகள் படு துடுக்கு. ஒன்றை ஒன்று துரத்தாத நேரமே கிடையாது. இந்த மாதிரிச் சண்டைக்கார மீன் உள்ள தொட்டியில்தான் பாசி சீக்கிரம் வரும். காரணம் மீன் இல்லை, நம் கைதான்!

பாசிக்கு வேண்டியது வெளிச்சமும் உரமும். மீன்கள் முட்டிக் கொண்டால், "பாவம், பசி போலிருக்கு" என்று இன்னொரு சிட்டிகை தீனி போடுகிறோம். குழந்தைகளோ டப்பாவையே கவிழ்த்து விடும். தின்றது கழிவாகும், மிச்சம் அடியில் அழுகும். அதிலிருந்து வரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும், தோட்டத்துக்கு மூட்டை மூட்டையாய் வாங்கிப் போடும் அதே சத்துகள். பாசி செழிக்கக் கேட்பானேன்?

நாளைக்கு இரண்டு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கும் அளவு மட்டும் போடுங்கள். ஒரே மூலையில் கொட்டினால் முரட்டு மீன் மறித்துக் கொள்ளும். இரண்டு ஓரத்திலும் தூவினால் சாதுவுக்கும் கிடைக்கும், சண்டையும் குறையும். வளர்ந்த மீனை வாரத்தில் ஒரு நாள் பட்டினி போட்டாலும் ஒன்றும் ஆகாது. தொட்டியில் வெயில் படக் கூடாது. விளக்கு ஏழெட்டு மணி நேரம் எரிந்தால் தாராளம்.

"பாசி தின்னும் மீன் வாங்கி விடுங்களேன்" என்பார் கடைக்காரர். கப்பியை விட்டால் அதன் நீள வாலைப் பார்ப்புகள் கடித்துக் குதறும். சக்கர் மீன் குஞ்சாக இருக்கும்போது பாசியைச் சுரண்டும். வளர வளர ஓரடிக்கு மேல் போய், அதுவே தொட்டியை அசிங்கம் பண்ணும். அலுத்துப் போய் அதைக் கண்மாயிலோ கிணற்றிலோ விடவே கூடாது. அப்படி விட்டவைதான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நீர்நிலைகளில் பெருகி நம் நாட்டு மீன்களுக்கு இடைஞ்சலாகி விட்டன.

இப்போது முக்கியமான சங்கதி. எங்கள் ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத் திராட்சைத் தோட்டங்கள் அதிகம். அடிச்சாம்பல் நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து போர்டோ கலவை தெளிப்பது பழைய வழக்கம். 1880-களில் பிரான்சின் போர்டோ திராட்சைத் தோட்டங்களில் பிறந்த மருந்து அது. அதனால் எங்கள் ஊரில் துத்தம் சுலபமாகக் கைக்குக் கிடைக்கும். "ஒரு சிட்டிகை தொட்டியில போட்டா பாசி பொசுங்கிருமாமே?" என்று பக்கத்து வீட்டு மதினி கேட்டார்.

பொசுங்கும்தான், மதினி. ஆனால் அந்தச் செம்பு மீனின் செவுளையும் அரிக்கும். நத்தை இருந்தால் முதலில் அது சாகும். செத்த பாசி அழுகி, தண்ணீரில் உள்ள பிராணவாயுவை இழுத்துக் கொள்ள, மிச்ச மீனும் மூச்சுத் திணறும். அதை விடப் பயம், துத்தம் நீலக் கற்கண்டு மாதிரி பளபளவென்று இருப்பது. தவழும் குழந்தை வாயில் போட்டால் வாந்தி, வயிற்றெரிச்சலோடு நிற்காது; ஈரல், சிறுநீரகம் வரை கெடுக்கும். தோட்டத்து மருந்து வீட்டுக்குள் வரவே வேண்டாம். தப்பித் தவறி விழுங்கி விட்டால், உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காமல், பொட்டலத்தோடு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கண்ணாடிப் பாசிக்கு சோப்புப் படாத புது நைலான் நார் போதும். வாரம் ஒரு முறை கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்துத் திறந்து வைத்தால் குளோரின் போய் விடும். ஃபில்டர் பஞ்சை, எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாயில் அலசினால் அதிலுள்ள நல்ல கிருமிகள் செத்துப் போகும். கல்லையும் சட்டியையும் இடம் மாற்றாதீர்கள், "என் இடம், உன் இடம்" என்று பங்காளிச் சண்டை மறுபடி ஆரம்பித்து விடும். எடுத்த தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்கு நல்ல உரம். எங்கள் வீட்டில் அதற்கு மதினி வாளியோடு வந்து விடுகிறார்.